காருக்குள் 'ரேஸ்' சீட்! ஆசைப்படும் முன் அடியில் இருக்கும் போல்ட்டைப் பாருங்கள்!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, ராயப்பேட்டை பக்கம் இருக்கிறது ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. பெண்ணுக்கு நகை எடுக்க தி.நகர் போகிறவர்கள், காருக்கு நகை எடுக்க இங்கே வருகிறார்கள்!

சீட் கவர், கால் மிதி, ஹாரன், விளக்கு, பாட்டுப் பெட்டி என்று எதைக் கேட்டாலும் இந்தத் தெருவில் கிடைக்கும். புது வண்டி வாங்கி, நம்பர் பிளேட்டின் பளபளப்புகூடப் போகாமல் வந்து நிற்பவர்கள் உண்டு. பத்து வருடம் ஓட்டிய பழைய வண்டியைப் புதுசாக்க வருபவர்களும் உண்டு.

இப்படி வருபவர்களில் வாலிபர்கள் சிலர் கேட்பது ஒரே ஒரு சாமான்தான். 'ஸ்போர்ட்ஸ் சீட்!'

இரண்டு பக்கமும் மேடு கட்டி, இடுப்பையும் தோளையும் அணைத்துப் பிடிக்கும் சீட். சிவப்பு நூல் தையல். ரேஸ் காரில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். சின்னக் காருக்குள் அதை மாட்டி, அடையாறிலிருந்து பெசன்ட் நகர் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால் மனசுக்குள் ஏதோ சாம்பியன் ஆன மாதிரி ஒரு குஷி.

ஆசைப்படுவதில் தப்பே இல்லை. முதுகு வலிக்காரர்களுக்கு நல்ல சீட் ஒரு வரப்பிரசாதம்கூட. ஆனால் சீட்டைக் கழற்றி மாட்டுவதைப் பலரும் வீட்டில் சோபா மாற்றுவது போல நினைத்துக் கொள்கிறார்கள். வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. வண்டி மோதினால் உங்களை இழுத்துப் பிடித்து வைக்க வேண்டிய சாதனத்தில் பாதி அந்த சீட்டில்தான் இருக்கிறது!

சோழவரத்தில் பிறந்த ஆசை

ஒரு காலத்தில் இந்த ஆசைக்கே இடம் இல்லை. அம்பாசடர் காரில் முன்பக்கம் ஒரே நீள சீட். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். மடியில் ஒரு குழந்தை தனி கணக்கு! வண்டி வளைவில் திரும்பினால் எல்லோரும் ஒரு பக்கம் சரிவார்கள். யாரும் கவலைப்பட்டதில்லை.

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி கதை மாறியது. அன்றுதான் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை எடுத்துக் கொடுத்தார். 796 சி.சி. என்ஜின். முன்பக்கம் தனித்தனியாக இரண்டு சீட். நடுவில் கியர். சாதாரண குடும்பஸ்தரும் 'என் சீட்' என்று சொல்லிக்கொள்ள ஆரம்பித்தார்.

ரேஸ் ஆசையோ நம் ஊருக்கு அதற்கு முன்பே வந்துவிட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தி வந்தது. இந்த கிளப் 1953-ல் தொடங்கியது. வெயிலில் காய்ந்துகொண்டு பந்தயம் பார்த்துவிட்டு வந்த பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் கண்ணை விரித்துக்கொண்டு கதை சொல்வார்கள்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தது. அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் வந்து, 1998-ல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. குடும்பக் காரும் ரேஸ் காரும் ஒரே ஊரில்!

கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் என்ஜினை எடுத்து 'பார்முலா மாருதி' என்ற ஒற்றை ஆள் பந்தயக் காரை உருவாக்கினார். அன்று சின்னக் காரின் என்ஜின் ரேசுக்குப் போயிற்று. இன்று ரேசில் இருந்து சீட் சின்னக் காருக்குள் வருகிறது.

இந்த ஆசையில் எண்ணெய் ஊற்றிய சம்பவம் 2024-ல் நடந்தது. ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு நாட்கள் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோ மீட்டர் தூரத்துக்கு இரவு நேரக் கார் பந்தயம் நடந்தது. தினமும் பஸ்சில் தொங்கிக்கொண்டு போகும் அதே ரோட்டில் பார்முலா 4 கார்கள் சீறிக்கொண்டு போயின. பார்த்த பையன்களுக்குச் சும்மா இருக்க முடியுமா?

லோகோவைப் பார்த்து மயங்காதீர்கள்

ஸ்போர்ட்ஸ் சீட் என்றாலே பலரும் சொல்லும் பெயர் 'ரெகாரோ'. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் 1906-ல் ராய்ட்டர் என்பவர் தொடங்கிய வண்டிக்கூண்டு கம்பெனி அது. போர்ஷே கார்களுக்குக் கூண்டு செய்து கொடுத்தது. 1963-ல் கூண்டு கட்டும் பகுதியை போர்ஷே வாங்கிக்கொள்ள, மீதிக் கம்பெனி சீட் செய்வதில் இறங்கியது. 'ராய்ட்டர் கரோசெரி' என்ற பழைய பெயரைச் சுருக்கித்தான் 'ரெகாரோ' ஆயிற்று.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பெயரைத் துணியில் தைப்பதற்கு ஒரு எம்பிராய்டரி மெஷின் போதும். உள்ளே இருக்கும் இரும்புச் சட்டம் சோதனைச் சாலையில் அடிபட்டுத் தேறியதா என்பதை லோகோ சொல்லாது.

உண்மையான பந்தய சீட்டுக்கு எப்.ஐ.ஏ. என்ற சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் முத்திரைச் சீட்டு ஒட்டியிருக்கும். '8855-1999' என்ற நம்பர் போட்டிருந்தால், அது அந்தத் தரத்தில் சோதிக்கப்பட்ட சீட். தயாரித்த தேதியும் அதில் இருக்கும். ஐந்து வருடம்தான் அதற்கு ஆயுள். அதற்கு மேல் போட்டிக்குச் செல்லாது. வெளிநாட்டில் தேதி முடிந்து கழித்துக் கட்டிய சீட் 'இம்போர்ட்டட்' என்ற பெயரோடு கைமாறி வரவும் இடம் உண்டு. தேதியைப் பாருங்கள்.

குஷன் கடையா, புதுப்பேட்டையா?

சென்னையில் ஸ்போர்ட்ஸ் சீட் ஆசையைத் தீர்த்துக்கொள்ள மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, குஷன் கடை. கம்பெனி சீட்டை அப்படியே வைத்துக்கொண்டு, துணியை உரித்து, இரண்டு பக்கமும் ஸ்பாஞ்சு வைத்து மேடு கட்டி, புது ரெக்சினோ தோலோ போட்டுத் தைத்துத் தருவார்கள். இடுப்புக்கு நேராகக் கொஞ்சம் கெட்டி ஸ்பாஞ்சு வைத்தால் முதுகுக்கு இதம். சட்டம், தண்டவாளம், போல்ட், பெல்ட் எதுவும் மாறுவதில்லை. நம்ம ஊர் குஷன் தொழிலாளிகளின் கைத்திறன் சாமானியம் அல்ல. ஊசியும் நூலும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும், கேட்ட அச்சில் தைத்துத் தருவார்கள்.

என்னைக் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இந்த முதல் வழியே போதும். ஆனால் வாலிபர்களிடம் சொல்லிப் பாருங்கள். 'அது வேற, இது வேற சார்' என்பார்கள்!

இரண்டாவது வழி, புதுப்பேட்டை. எழும்பூருக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் நடுவே, கூவம் கரையோரம் இருக்கும் இந்தப் பேட்டையைத் தெரியாத மெக்கானிக் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. பிரித்துப் போட்ட வண்டிகளின் கதவு, என்ஜின், விளக்கு எல்லாம் தெருவோரம் அடுக்கியிருக்கும். பெரிய காரில் இருந்து கழற்றிய நல்ல சீட் இங்கே கிடைத்தால், அதை வாங்கிச் சின்னக் காரில் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது, கடையில் புது ஸ்போர்ட்ஸ் சீட் வாங்கி, அதற்கென்று ஒரு இரும்புச் சட்டம் வைத்துப் பொருத்துவது.

கடைசி இரண்டு வழியிலும் ஒரே பிரச்சினை. சீட் வேறு, வண்டி வேறு. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைக்க வேண்டும். அந்தக் கல்யாணத்தில் ஜாதகம் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து!

நாலு ஓட்டை, நாலு போல்ட்

எந்தச் சின்னக் காரிலும் முன் சீட்டைப் பெரும்பாலும் நான்கு போல்ட்டுகள் பிடித்திருக்கும். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பாக்ஸ் ஸ்பானர் போட்டால் சில நிமிடத்தில் கழன்று வந்துவிடும். 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றும்.

கழற்றுவது சுலபம். மாட்டும்போதுதான் வேர்க்கும். நான்கு ஓட்டைகளும் ஒரே மட்டத்தில் இருக்காது. கதவுப் பக்கத்து ஓட்டை ஒரு உயரம், நடுமேட்டுப் பக்கத்து ஓட்டை வேறு உயரம் என்று பல வண்டிகளில் இருக்கும். வேறு காரின் சீட்டைக் கொண்டு வந்து வைத்தால் ஒரு ஓட்டை பொருந்தும், மூன்று பொருந்தாது.

இப்போது பட்டறைக்காரர் இரண்டில் ஒன்று செய்யலாம். வண்டியின் பழைய நான்கு ஓட்டையிலேயே பொருந்தும்படி ஒரு இரும்புச் சட்டம் செய்து, அதன் மேல் புது சீட்டை ஏற்றலாம். இது யோக்கியமான வேலை. அளவெடுக்க வேண்டும், அட்டையில் அச்சு வெட்டிப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும்.

அல்லது டிரில்லிங் மெஷினை எடுத்து வண்டியின் தரையிலேயே புது ஓட்டை போட்டு, அடியில் ஒரு சின்ன வாஷர் வைத்து முடுக்கிவிடலாம். அரை மணியில் வேலை முடிஞ்சுது!

சின்னக் காரின் தரைத் தகடு எவ்வளவு கனம் தெரியுமா? ஏறக்குறைய ஒரு மில்லி மீட்டர்கூட இருக்காது. கம்பெனிக்காரன் போல்ட் போடும் இடத்தில் மட்டும் அடியில் கனத்த இரும்பு வைத்துப் பற்றவைத்திருப்பான். அந்த இடத்தை விட்டு நாலு விரல் தள்ளி ஓட்டை போட்டால், அது பிஸ்கட் டின்னில் ஆணி அடித்த கதை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோ மீட்டர் வேகம். மவுண்ட் ரோட்டில் ராத்திரி பத்து மணிக்கு மேல் எல்லோரும் போகும் வேகம்தான். வண்டி எதிலோ மோதி, உள்ளே இருப்பவர் அரை மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடை உள்ள ஒருவரைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 1,180 கிலோ எடைக்குச் சமமான விசை தேவை. ஒரு டன்னுக்கும் மேலே! மாருதி 800 காரின் எடையே 650 கிலோ அளவுதான். அந்தக் காரைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு பாரம் ஒரு கணத்தில் பெல்ட்டிலும், பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டிலும், சீட்டிலும் வந்து விழுகிறது.

சின்ன வாஷர் அந்த இழுப்பைத் தாங்குமா? தகடு கிழிந்து, வாஷர் அந்தக் கிழிசல் வழியாகவே மேலே வந்துவிடும். சீட், பெல்ட், ஆள் மூன்றும் சேர்ந்து ஸ்டியரிங் மேல்!

பந்தயக்காரர்கள் இதில் எவ்வளவு கறார் தெரியுமா? எப்.ஐ.ஏ. விதிப்படி சீட்டைக் குறைந்தது நான்கு இடத்தில், 8 மில்லி மீட்டருக்குக் குறையாத போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் தகட்டுக்கு அடியில் 40 சதுர சென்டி மீட்டர் பரப்புக்குத் தாங்கு தகடு வைக்க வேண்டும். அதாவது ஒரு தீப்பெட்டியைவிடப் பெரிய இரும்புத் துண்டு. ரேஸ் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, ரேஸ்காரரின் விதியை விட்டுவிட்டால் எப்படி?

போல்ட்டின் தலையையும் பாருங்கள். நல்ல போல்ட்டின் தலையில் '8.8' அல்லது '10.9' என்று எண் பொறித்திருக்கும். அது அதன் வலிமைக்கு அடையாளம். எண்ணே இல்லாத மொட்டைத் தலை போல்ட் கட்டிலுக்கும் பீரோவுக்கும் சரி. காருக்கு ஆகாது. சட்டத்தைப் பற்றவைக்கும்போது 'டாக்' வைத்து ஒட்டிவிட்டு மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்து மூடிவிட்டால் நமக்குத் தெரியவே தெரியாது. ஆகவே பெயிண்ட் அடிக்கும் முன்பே போய்ப் பார்ப்பது புத்திசாலித்தனம். பட்டறைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பணம் உங்களுடையது.

பெல்ட்டை எங்கே செருகுவது?

இதுதான் முக்கியமான கட்டம். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

சீட் பெல்ட்டுக்கு மூன்று பிடிமானம். ஒன்று தோளுக்கு மேலே தூணில். இரண்டாவது கதவுப் பக்கம் கீழே. மூன்றாவதுதான் 'கிளிக்' என்று செருகும் பூட்டு. இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் இந்தப் பூட்டு தரையில் இல்லை. சீட்டின் சட்டத்திலேயே மாட்டியிருக்கிறது. சீட்டை முன்னே பின்னே நகர்த்தினால் பூட்டும் கூடவே நகரும்.

பழைய சீட்டைக் கழற்றினால் பூட்டும் அதோடு போய்விடும். புது சீட்டில் அதை எங்கே மாட்டுவது? சில ஸ்போர்ட்ஸ் சீட்டுகளில் அதற்கு இடமே இருக்காது. அவை நான்கு, ஐந்து, ஆறு வார் கொண்ட ரேஸ் பெல்ட்டுக்காகச் செய்தவை. நமது சாதாரண மூன்று முனை பெல்ட்டைப் போட்டால், பக்கத்து மேட்டின் மேல் ஏறி வயிற்றில் போய் நிற்கும். இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டிய வார், வயிற்றில் படிந்தால் மோதலில் குடல் நசுங்கும்.

'அப்ப நான் ரேஸ் பெல்ட்டே மாட்டிக்கிறேன்' என்று ஒருவர் கேட்கலாம். அதில் கட்டினால் உடம்பு அசையாது. சிக்னலில் குனிந்து பார்க்க முடியாது, கிண்டியில் பார்க்கிங் சீட்டு வாங்கக் கையை நீட்ட முடியாது. பந்தயக் காரில் அந்தப் பெல்ட்டோடு சேர்ந்து ஹெல்மெட் உண்டு, கழுத்தைக் காக்கும் கவசம் உண்டு, கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் கூண்டு உண்டு. எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு செட். ஒன்றை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தால் பலன் தலைகீழாகலாம்.

பூட்டைப் பிடிக்கும் போல்ட்டும் சாதாரணச் சாமான் அல்ல. உலகம் முழுக்கப் பெல்ட்டுக்கு வழக்கமாகப் போடுவது 7/16 அங்குலம் தடிமன் உள்ள தனி போல்ட். அதைத் தொலைத்துவிட்டுக் கைக்குக் கிடைத்ததைப் போடும் மகானுபாவர்களிடம் வண்டியை விடாதீர்கள்.

மஞ்சள் ஒயரில் கை வைக்காதே!

சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒரு ஒயர் கட்டு போகும். அதில் மஞ்சள் நிற பிளக் இருந்தால் அங்கே ஏர் பேக் சமாசாரம் இருக்கிறது என்று அர்த்தம்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு ஜூலை 1 முதல் புதுக் கார்களில் டிரைவருக்கு ஏர் பேக் கட்டாயம். முன் சீட்டில் பக்கத்தில் உட்காருபவருக்கும் வேண்டும் என்ற விதி 2021-ல் வந்தது. இந்த இரண்டு பையும் ஸ்டியரிங்கிலும் டாஷ்போர்டிலும் இருப்பவை. ஆனால் பக்கவாட்டு ஏர் பேக் உள்ள காரில், அந்தப் பை சீட்டின் முதுகுப் பகுதியில், கதவு ஓரத்துத் தையலுக்குள் மடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி எறிந்தால் அந்தப் பையும் போயிற்று! சீட் மாற்றாமல் மேலே இறுக்கமாகக் கெட்டி உறை போட்டுத் தைத்தாலும் பை வெளியே வரும் வழி அடைபட்டுவிடும். குஷன் கடைக்குப் போகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சீட் ஓரத்தில் 'ஏர் பேக்' என்று ஒரு சின்னப் பட்டி தைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பெல்ட் போட்டாச்சா என்று பார்க்கும் சுவிட்ச், சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் எல்லாம் அதே ஒயர் கட்டில்தான் போகின்றன. சாவியைத் திருப்பி வைத்துக்கொண்டே மஞ்சள் பிளக்கைப் பிடுங்கினால் டாஷ்போர்டில் ஏர் பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். அது எரிந்தால் ஏர் பேக் அமைப்பில் கோளாறு என்று பொருள். மோதும்போது பை விரியும் என்று நம்பி இருக்க முடியாது.

விளக்கை அணைக்க ஒரு குறுக்கு வழி இருக்கிறது. பிளக்கில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிட்டால், பை இருப்பதாகவே வண்டியின் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். விளக்கு அணைந்துவிடும். பை மட்டும் இருக்காது! அந்தக் காரைச் செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர், விளக்கு எரியவில்லையே என்று நிம்மதியாக மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு போவார்.

சரியான முறை என்னவென்றால், சீட்டில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். சில நிமிடம் காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக்கைத் தொட வேண்டும். ஏர் பேக்கில் இருப்பது ஒரு சின்ன வெடி. அதனிடம் அவசரம் கூடாது.

'கீங்... கீங்...' சத்தமும் ஒரு கிளிப்பும்

சீட் மாற்றிய பிறகு பெல்ட் எச்சரிக்கை மணி ஓயாமல் அடிக்கும். அதற்குத் தீர்வாக ஒரு கிளிப்பைப் பூட்டில் செருகி வைத்துவிட்டால் மணி நின்றுவிடும். பெல்ட் போடவே வேண்டாம். எவ்வளவு வசதி!

இந்த கிளிப் விஷயம் டெல்லி வரை போனது. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், அமேசான், பிளிப்கார்ட், ஸ்னாப்டீல், ஷாப்க்ளூஸ், மீஷோ ஆகிய ஐந்து கம்பெனிகளும் இதை விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. 13,118 விற்பனை அறிவிப்புகள் நீக்கப்பட்டன. ஒரு துண்டு இரும்புக்குப் பதின்மூவாயிரம் விளம்பரம் என்றால் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று யூகித்துக் கொள்ளுங்கள்.

அதற்கு முந்தைய வருடம், 2022 செப்டம்பர் 4-ந் தேதி, தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் பலியானார். விலை உயர்ந்த கார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய சீட்டாக இருந்தாலும் பெல்ட் இல்லையென்றால் வெறும் குஷன்தான்.

பெல்ட் போடாமல் போனால் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதம். வண்டியில் அனுமதி இல்லாத மாற்றம் செய்தால் 182-ஏ பிரிவு பாயும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்பது 52-வது பிரிவு. இதை 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அழுத்தமாகச் சொல்லியது. முக்கியமாகப் பின் சீட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு 'ரேஸ் கார்' ஆக்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் உட்காரலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கிறது.

பட்டுப்புடவையும் பக்கெட் சீட்டும்

சட்டத்தை விடுங்கள். வீட்டுக்கு வருவோம்.

மயிலாப்பூர் மாமி ஒருவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் அர்ச்சனைக் கூடையுடன், கபாலீசுவரர் கோவிலுக்குக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் சீட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாண் மேடு. காலைத் தூக்கி அதைத் தாண்டி உள்ளே 'விழ' வேண்டும். இறங்கும்போது பையன் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். வேட்டி கட்டிய தாத்தாவுக்கும் இதே சோதனை. இரண்டாவது முறை அவர்கள் ஆட்டோவில்தான் போவார்கள்.

சாயாத பக்கெட் சீட்டாக இருந்தால் இன்னும் மோசம். முதுகைச் சாய்க்க முடியாது. தலைப்பகுதியும் முதுகும் ஒரே துண்டு என்பதால் பின்னால் இருப்பவருக்கு முன்னே ஒரு சுவர். ரோடே தெரியாது. குழந்தைகளுக்கு வாந்தி நிச்சயம்!

உயரக் கணக்கும் உண்டு. இரும்புச் சட்டத்தின் மேல் சீட்டை ஏற்றினால் இரண்டு அங்குலமாவது மேலே போகும். ஓட்டுபவர் உயரமானவர் என்றால் கூரை தலையில் இடிக்கும். சீட் ஒரு விரல் பக்கம் தள்ளிப் போனாலும் ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார முடியாமல் முதுகு கோணும். முதுகு வலிக்காக மாற்றிய சீட் புது வலி கொடுக்கும். ஆகவே போல்ட் முடுக்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். கிளட்சை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பாருங்கள். கை முட்டி மேட்டில் இடிக்கிறதா, கதவு மூடுகிறதா என்று கவனியுங்கள்.

தலைக்குப் பின்னால் இருக்கும் தாங்கி காதுக்கு மேலே, உச்சந்தலை மட்டத்துக்கு வர வேண்டும். சிக்னலில் நின்றுகொண்டிருக்கும்போது பின்னால் ஒருவர் வந்து இடிப்பது நம் ஊரில் அன்றாட வைபவம். கழுத்தை அப்போது காப்பாற்றுவது அந்தத் தாங்கி ஒன்றுதான்.

அக்கினி நட்சத்திரத்தையும் மறக்க வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரில் கறுப்பு ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் தோசைக்கல்லில் உட்கார்ந்த மாதிரி! நடுவில் துணி, ஓரத்தில் ரெக்சின் என்று தைக்கச் சொல்பவர்கள் கெட்டிக்காரர்கள்.

வெள்ளம் பார்த்த சீட்

செகண்ட் ஹாண்ட் சீட் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2015 டிசம்பரில் அடையாறு ஆறு கரை புரண்டு ஊருக்குள் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் கணக்கில்லாத கார்கள் தண்ணீரில் மூழ்கின. மூழ்கிய கார் பிரிக்கப்படும். அதன் சீட் காய்ந்ததும் பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். மேல் துணியைத் துவைத்து மாட்டிவிடலாம்.

ஆனால் ஸ்பாஞ்சு தண்ணீரை விடாது. மழைக்காலம் வந்தால் ஒரு வாடை கிளம்பும். அதைவிடக் கெடுதல் அடியில் இருக்கிறது. சீட் நகரும் தண்டவாளத்தில் துரு. பூட்டின் உள்ளே சேறு. பிளக்கின் கம்பிகளில் பச்சைக் களிம்பு.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். சீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். தண்டவாளத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய் 'டக்' என்று இரண்டு பக்கமும் ஒன்றாகப் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் பூட்டி, ஒரு பக்கம் நின்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெல்ட் பூட்டில் செருகிப் பத்துத் தடவை இழுத்துப் பாருங்கள். மூக்கை வைத்து முகர்ந்தும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். புதுப்பேட்டையில் எல்லோரும் செய்வதுதான்.

பழைய சீட் எங்கே போகிறது?

கழற்றிய கம்பெனி சீட்டைப் பட்டறையிலேயே 'எடுத்துக்கோப்பா' என்று விட்டுவிட்டு வருபவர்கள் நிறைய. பட்டறைக்காரருக்குக் கொண்டாட்டம்.

மூன்று வருடம் கழித்து வண்டியை விற்கப் போகும்போதுதான் அதன் அருமை தெரியும். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரோ, மாம்பலத்தில் குடும்பம் நடத்தும் குமாஸ்தாவோ பக்கெட் சீட் வைத்த காரை வாங்க யோசிப்பார். 'ஒரிஜினல் சீட் இருக்கா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். இல்லை என்றால் விலையில் கை வைப்பார். அப்போது ஓடிப்போய் அதே மாதிரி சீட்டைத் தேடினால், ஏர் பேக் பிளக்கும் பெல்ட் பூட்டும் பொருந்தும் ஜோடி கிடைப்பது குதிரைக் கொம்பு.

விவரம் தெரிந்தவர்கள் பழைய சீட்டை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, போல்ட் நான்கையும் ஒரு டப்பாவில் போட்டு, பரணில் ஏற்றிவிடுகிறார்கள். பரண் இல்லாத பிளாட் வீட்டுக்காரர்கள் நாலு கட்டைக்கால் அடித்து அதை ஹாலில் போட்டுவிடுகிறார்கள். கிரிக்கெட் மேட்ச் நடக்கும் நாட்களில் வீட்டுப் பெரியவரை அதிலிருந்து எழுப்பவே முடிவதில்லையாம்!